கணவதி அம்மாளின் வீட்டுக்காரர்

எழுத்தாளர் கி. ராஜநாராயணன் மறைந்தபோது வந்த அஞ்சலிக் கட்டுரைகளில் அநேகமாக எல்லாவற்றிலும் கரிசல் மண் இருந்தது, வட்டார வழக்கு இருந்தது, கோபல்ல கிராமம் இருந்தது, சாகித்திய அகாதெமி இருந்தது. வீடு இல்லை. நூறை நெருங்கும் வரை வாழ்ந்த ஒரு மனிதர், அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே பெண்ணோடு குடும்பம் நடத்தியவர், இரண்டு மகன்களை வளர்த்தவர், ஊரிலும் வெளியூரிலும் வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்ட வீட்டின் தலைவர். அவரை நினைப்பது என்றால் அந்த வீட்டையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. கி.ரா. எழுதியதில் பெரும்பகுதி வீடுகளைப் பற்றித்தான். எழுதியவரின் வீட்டை மட்டும் வெளியே நிறுத்திவிட்டுப் பேசுவது நியாயமாகப் படவில்லை.

கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் நடுவே இருக்கிறது இடைசெவல். சாலையில் போகிறவர்களுக்கு அது இன்னொரு கரிசல் ஊர், அவ்வளவே. கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மாட்டின் கால் சிக்கி ஒடிகிற அளவுக்கு வெடிப்பு ஆழமாக இருக்கும். ஐப்பசியில் மழை விழுந்துவிட்டால் அதே மண் களியாகிக் காலை விடாது. ஒவ்வொரு எட்டுக்கும் பாதத்தில் ஒரு சுமை ஏறும். ஆனால் குடித்த தண்ணீரை எளிதில் விட்டுவிடாது அந்த மண். மழை நின்ற பிறகும் உள்ளே இருக்கும் ஈரத்தையும் பனியையும் வைத்தே மாசி, பங்குனி வரைக்கும் பருத்தியைக் கொண்டு வந்துவிடும். கிணறு, கால்வாய் எதுவும் இல்லாமல் வானத்தை மட்டும் நம்பி விதைக்கிற மானாவாரிச் சம்சாரிகளின் ஊர் அது. அந்தச் சின்ன ஊரிலிருந்து இரண்டு பேருக்குச் சாகித்திய அகாதெமி விருது போனது. 1970-இல் 'அன்பளிப்பு' தொகுப்புக்காகக் கு. அழகிரிசாமிக்கு, அவர் இறந்த பின்பு. 1991-இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காகக் கி.ரா.வுக்கு.

கி.ரா.வின் வீட்டில் பேச்சு தெலுங்கு, தெருவில் இறங்கினால் தமிழ். பெற்றோர் வைத்த பெயர் ஒரு முழு வரிக்கு நீளும்: ராயங்கல ஸ்ரீ கிருஷ்ண ராஜ நாராயண பெருமாள் ராமானுஜம். படிப்பு நடுநிலைப் பள்ளியைத் தாண்டவில்லை. இளவயதிலேயே காசநோய் வந்தது. அந்தக் காலத்தில் அது வந்த வீட்டில் அடுத்து என்ன நடக்கும் என்று ஊர் ஏற்கெனவே முடிவு செய்திருக்கும். அவர் பிழைத்தார். பிழைத்த உடம்போடு கம்யூனிஸ்ட் கட்சிக்குள் போனார், விவசாயிகள் போராட்டங்களில் சிறைக்கும் போனார். விளாத்திகுளம் சுவாமிகளின் சங்கீதத்தில் தோய்ந்தார். கோவில்பட்டியில் குடியிருந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்துக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தார். குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தில் போய் உட்கார்ந்தார். 1958-இல் 'சரஸ்வதி' இதழில் 'மாயமான்' வந்தபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

இந்தப் பட்டியலை ஒரு சம்சாரி வீட்டுப் பெண்ணின் பக்கத்திலிருந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். கட்டிக்கொண்டவருக்கு நெஞ்சில் நோயின் தழும்பு. கட்சி, வழக்கு என்று அலைச்சல். சங்கீதம் கேட்கப் போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. பிறகு எழுத்து. இதில் எதிலும் அந்தக் காலத்தில் காசு வந்திருக்காது. மழை பார்த்து விதைக்கவும், களை பார்த்து ஆள் விடவும், மாட்டுக்குத் தவிடும் தண்ணியும் காட்டவும் வீட்டில் யாராவது இருந்தே ஆக வேண்டும்.

கி.ரா.வின் மனைவி கணவதி அம்மாள் தன் வாழ்க்கையைப் பற்றிப் புத்தகம் எழுதவில்லை. ஆனால் கரிசலில் ஒரு சம்சாரி வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நாள் எப்படிப் போகும் என்பது அந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். விடியுமுன் தொழுவில் சாணி அள்ள வேண்டும். பிறகு கம்பு. கம்பஞ்சோறு சட்டென்று ஆகிற சாப்பாடு இல்லை. கம்பை உரலில் போட்டுத் தண்ணீர் தெளித்துத் தெளித்து இடிக்க வேண்டும். தண்ணீர் கொஞ்சம் கூடினால் உலக்கையில் அப்பிக்கொள்ளும், குறைந்தால் தோல் கழலாது. தவிட்டைச் சுளகில் புடைத்துத் தள்ளி, மறுபடி இடித்து, குருணை வேறு மாவு வேறாகப் பிரிக்க வேண்டும். உலையில் முதலில் குருணை வேகும், அது பதம் வந்த பிறகு மாவு. துடுப்புப் போட்டுக் கிண்டும்போது அடிபிடிக்கவும் கூடாது, கட்டி விழவும் கூடாது. வெந்ததை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைத்தால் மறுநாள் காலையில் கரைத்துக் குடிக்கலாம். இத்தனையும் ஒரு வேளைக்கு. அதற்கு மேல் காட்டுக்குக் கஞ்சி கொண்டு போக வேண்டும். பருத்தி வெடித்துவிட்டால் மடி கட்டிக்கொண்டு நிரையில் இறங்க வேண்டும். காய்ந்த பருத்திக்காயின் ஓடு முனை முனையாக நிற்கும். சாயங்காலத்துக்குள் விரல் நுனிகளெல்லாம் கீறியிருக்கும். அந்த விரல்களோடுதான் ராத்திரி மறுபடி புளி கரைக்க வேண்டும்.

அந்த எரிச்சலை அனுபவித்தவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. என் பாட்டியும் பேசியதில்லை. கேட்டபோதும், "அதிலென்ன இருக்கு, எல்லாரும் செஞ்சதுதான" என்று முடித்துவிட்டாள்.

கி.ரா. பேசினார். அதனால்தான் அவர்மேல் எனக்குத் தீராத மரியாதை. பெண்களின் வேலையை இத்தனை கூர்மையாகக் கவனித்த ஆண் எழுத்தாளர்கள் தமிழில் குறைவு. அவருடைய 'கன்னிமை' கதையை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். நாச்சியாரம்மா பிறந்த வீட்டில் இருக்கும்போது அள்ளி அள்ளிக் கொடுக்கிறவள். வேலைக்காரர்களுக்கு அவள் கையால் சாப்பிடுவதே ஒரு சந்தோஷம். கல்யாணமாகிப் போன வீட்டில் அவள் கணக்குப் பார்க்கிறவள் ஆகிவிடுகிறாள். கதையின் முன்பாதியைச் சொல்கிறவன் அவளுக்கு உடன்பிறப்பு முறையானவன், பின்பாதியைச் சொல்கிறவன் கணவன். இருவரும் தங்கள் தங்கள் இழப்பைச் சொல்கிறார்கள். நாச்சியாரம்மா தன் பக்கத்தைச் சொல்ல கதையில் ஒரு பாகம் ஒதுக்கப்படவே இல்லை. முன்பு இதை நான் குறையாக நினைத்தது உண்டு. இப்போது அந்தக் காலியிடத்தில்தான் கதையின் உண்மை உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு பெண் மாறிவிட்டாள் என்று அவளைச் சுற்றியிருக்கிற ஆண்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எது அவளை மாற்றியது என்று அவளிடம் போய் ஒருவரும் கேட்கவில்லை. குடித்தனம் என்பது எவ்வளவு எடையுள்ளது என்று அவளுக்குத்தான் தெரியும்.

'கதவு' இன்னும் பரவலாகத் தெரிந்த கதை. குழந்தைகள் அந்தக் கதவில் ஏறி நின்று ஆட்டி பஸ் விளையாட்டு விளையாடுகிறார்கள். அப்பா மணிமுத்தாறில் வேலைக்குப் போயிருக்கிறார், பணம் வரவில்லை. தீர்வை பாக்கிக்காகக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். பிறகு குளிர் வருகிறது. அந்த வாடையில் கைக்குழந்தை பிழைக்கவில்லை. கதையில் வறுமையைப் பற்றி ஒரு பிரசங்கமும் கிடையாது. அந்தத் தாய் ரங்கம்மாளின் வீடு மட்டும் இருக்கிறது, அதில் கதவு இருந்த இடம் திறந்து கிடக்கிறது. 1950-களில் மணிமுத்தாறு அணை கட்டினார்கள். எத்தனை கரிசல் வீடுகளில் ஆண்கள் அங்கே போயிருப்பார்கள், எத்தனை பெண்கள் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றிருப்பார்கள்! அந்தக் காத்திருப்பின் வரலாற்றை எழுத எந்த அரசு ஆவணத்திலும் இடம் கிடையாது. கி.ரா. அதை ஒரு சிறுகதைக்குள் வைத்துவிட்டுப் போனார்.

உறவு என்று பேசும்போது அழகிரிசாமியை விட்டுவிட முடியாது. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே தெருப் புழுதி. ஒருவர் ஆசாரி வீட்டுப் பிள்ளை, மற்றவர் நாயக்கர் வீட்டுப் பிள்ளை. அந்தக் காலத்துக் கிராமத்தில் அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே இருந்த தூரம் சாதாரணமானதில்லை. படிப்பும் பாட்டும் அந்தத் தூரத்தைக் குறைத்தன. அழகிரிசாமி சென்னைக்குப் போனார், பத்திரிகைகளில் வேலை பார்த்தார், மலேயாவுக்குப் போய் 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் இருந்தார், திரும்பி வந்தார். கி.ரா. ஊரிலேயே இருந்தார். அவர்களுக்கு இடையே கடிதங்கள் போய்க்கொண்டே இருந்தன. 1970-இல் ஐம்பதைக்கூடத் தொடாமல் அழகிரிசாமி இறந்துபோனார். அதற்குப் பிறகு கி.ரா. அரை நூற்றாண்டு வாழ்ந்தார். கூடவே வளர்ந்தவனை அத்தனை சீக்கிரம் பறிகொடுத்துவிட்டு ஐம்பது ஆண்டுகள் எழுதிக்கொண்டிருப்பது என்பது என்ன மாதிரியான தனிமை என்று யோசிக்கிறேன். கி.ரா. தன் நண்பனைப் பற்றி எழுதிய எந்தப் பக்கத்திலும் அவர் செத்துப்போனவராகத் தெரியமாட்டார். பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கிறவராகத்தான் தெரிவார்.

கிழவர்களையும் கிழவிகளையும் கி.ரா. எப்படிப் பார்த்தார் என்பதற்குச் சாட்சி 1976-இல் வந்த 'கோபல்ல கிராமம்'. ஆந்திரத்திலிருந்து தப்பி ஓடிவந்து, காடு திருத்திக் குடியேறிய மக்களின் கதை அது. கோட்டையார் வீட்டில் அண்ணன் தம்பிகள் ஒன்றாக இருக்கிறார்கள். ஆளுக்கொரு பொறுப்பு. ஆனால் அந்தப் பெரிய வீட்டின் பூர்வீகம் முழுக்க இருப்பது ஒரே ஒரு இடத்தில்: நூறு வயதைக் கடந்த பூட்டி மங்கத்தாயாரு அம்மாளின் நினைவில். அவள் சொன்னால்தான் நாவலுக்கே முன்கதை உண்டு. ஒரு சமூகம் தான் எங்கிருந்து வந்தோம் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு கிழவியின் முன்னால் போய் உட்கார வேண்டியிருக்கிறது. அவள் சொல்வதில் அதிசயங்களும் கலந்திருக்கின்றன. ஓடிவருகிறவர்களுக்கு ஆற்றைக் கடக்க மரமே வளைந்து கொடுக்கிறது. நாவலாசிரியர் அதைத் திருத்தவில்லை, சரித்திர ஆதாரம் கேட்டுக் குறுக்கிடவும் இல்லை. குடும்ப ஞாபகம் அப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பயந்து ஓடியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த மரம் தேவைப்பட்டிருக்கிறது.

1989-இல் புதுவைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த வெங்கடசுப்பிரமணியன், கி.ரா.வை நாட்டார் வழக்காற்றுத் துறைக்கு வருகைதரு பேராசிரியராக அழைத்தார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார் என்பதை எல்லோரும் சொல்லிச் சொல்லி அது ஒரு பழமொழி போலவே ஆகிவிட்டது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. அறுபத்தைந்து வயதில் ஒரு சம்சாரி ஊரை விட்டுக் கிளம்புகிறார். ஊரும் காடும் தொழுவும் பழகிய தெருவும் எல்லாம் பின்னால். கூடவே கணவதி அம்மாளும் கிளம்புகிறார். அவரைப் பல்கலைக்கழகம் அழைக்கவில்லை. அவருக்கு அங்கே பதவியோ மாணவர்களோ இல்லை. கரிசலிலிருந்து கடற்கரைக்கு வந்து, வேறு தண்ணீரில், வேறு அடுப்பில், அதே வீட்டை மறுபடி முதலிலிருந்து உண்டாக்குவது அவர் பங்காக இருந்தது.

உண்டாக்கினார். லாசுப்பேட்டையில் இருந்த அந்த வீட்டுக்குப் போய்வந்தவர்கள் எழுதியவை எத்தனையோ இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் கி.ரா.வின் பேச்சு பக்கம் பக்கமாக வரும். 'அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தார்கள்', 'அம்மா சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள்' என்று ஒரு வரி நடுவில் வந்துபோகும். அந்த வரி வரும் இடத்தில் எல்லாம் நான் நின்றுவிடுகிறேன். அவர் பேசுவதைக் கேட்க ஆட்கள் மணிக்கணக்கில் உட்கார முடிந்தது என்றால், அந்த மணிகளை யாரோ ஒருவர் சமைத்துப் பரிமாறிக் காப்பாற்றியிருக்கிறார்.

நம் குடும்பங்களில் பலவற்றில் இதே இடப்பெயர்ச்சி நடந்திருக்கிறது. ஊரில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அல்லது விற்றுவிட்டு, தாத்தாவை மதுரைக்கோ சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ கூட்டி வந்துவிடுகிறோம். மாத்திரையும் டிவியும் இருக்கும். மூன்றாவது மாடி பால்கனியில் ஒரு நாற்காலி இருக்கும். ஊரில் மேகத்தைப் பார்த்து இன்றைக்கு மழை உண்டா இல்லையா என்று சொன்ன மனிதரிடம் இங்கே ஒருவரும் மழையைப் பற்றிக் கேட்பதில்லை, கைபேசி சொல்லிவிடுகிறது. எங்கள் குடும்பத்திலும் ஒரு பெரியவர் அப்படி வந்து சேர்ந்தார். கோடை உழவு எப்போது, எந்தக் காட்டுக்கு எந்த விதை, எந்த மாட்டுக்கு என்ன சுழி என்று எல்லாம் தெரிந்தவர். அடுக்குமாடி வீட்டில் அவருக்குத் தெரிந்தது எதற்கும் வேலை இல்லாமல் போனது. இரண்டு மழைக்காலத்துக்குள் அவர் பேச்சு வெகுவாகக் குறைந்துவிட்டது. காது நன்றாகத்தான் கேட்டது.

கி.ரா.வுக்குப் புதுவையில் கிடைத்தது இந்த விதியின் நேர் எதிர். அவரிடம் கேட்டார்கள். கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மாணவர்கள் வந்தார்கள், ஊர் ஊராகப் போய்க் கதை சேகரித்துக்கொண்டு வந்தார்கள். நாட்டுப்புறக் கதைகள் பெரும் களஞ்சியமாகத் திரண்டன. அதற்கு முன்பே, 1982-இல், கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியைத் தனிமனித முயற்சியாகக் கொண்டு வந்திருந்தார். 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று பாலியல் கதைகளையும் கூச்சமில்லாமல் தொகுத்தார். களத்துமேட்டில் கிழவர்கள் சொல்லி, பெண்கள் களையெடுக்கும்போது தங்களுக்குள் சொல்லிச் சிரித்த கதைகள் அவை. அவற்றை அச்சில் ஏற்றியதற்காகச் சிலர் முகம் சுளித்தார்கள். முகம் சுளித்தவர்களின் பாட்டிகளுக்கும் அந்தக் கதைகள் தெரிந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதுமை ஒருவரை ஊமையாக்குவதும் பேச வைப்பதும் அவர் எதிரில் யார் வந்து உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. கி.ரா. தொண்ணூறு வயதுக்கு மேலும் எழுதினார் என்று வியக்கிறோம். அவரை எழுதவிட்ட வீட்டையும், வந்து கேட்ட வாசகர்களையும் அந்த வியப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கணவதி அம்மாள் 2019-இல் காலமானார். அதன் பிறகு கி.ரா. எப்படி இருந்தார் என்பது அந்த வீட்டுக்கு உரியது, அதற்குள் புகுந்து எழுத எனக்கு உரிமை இல்லை. அவர் தொடர்ந்து எழுதினார் என்பது மட்டும் நமக்குத் தெரியும். கடைசிக் காலத்தில் வந்த 'மிச்சக் கதைகள்' கையில் இருக்கிறது. அந்த நாட்களில் தன் படைப்புகளின் உரிமையை அவர் எழுதி வைத்த விதம் அவரைப் பற்றி நிறையச் சொல்கிறது. இரண்டு மகன்களோடு, ரத்த உறவில்லாத ஒரு வாசகரையும் அவர் உரிமையாளராகச் சேர்த்தார். சம்சாரி வீட்டில் சொத்துப் பத்திரம் எழுதுவது என்பது எத்தனை கவனமான காரியம்! வரப்பு ஒரு சாண் தள்ளிப்போனால் அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகிற ஊர் அது. அந்த ஊரிலிருந்து வந்த பெரியவர், பங்காளிகளின் வரிசையில் ஒரு வாசகரையும் உட்கார வைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மகன்களும் அதற்குச் சம்மதித்து உடன் நின்றிருக்கிறார்கள். அவர்களைப் பற்றி அதிகம் பேசப்படாததால் இதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

2021 மே 17 இரவு கி.ரா. புதுவையில் காலமானார். கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மாதம். ஊரடங்கு. வழக்கமான காலமாக இருந்திருந்தால் நாடு முழுவதிலிருந்தும் வாசகர்கள் இடைசெவலில் குவிந்திருப்பார்கள். பலரும் வீட்டுக்குள் உட்கார்ந்து கைபேசித் திரையில்தான் பார்த்தோம். தமிழ்நாடு அரசு மரியாதையோடு, காவல்துறையின் குண்டு முழக்கத்தோடு, பிறந்த மண்ணிலேயே இறுதிச் சடங்கு நடந்தது. விவசாயிகளுக்காகப் போராடிப் போலீசால் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டவருக்கு அதே துறை துப்பாக்கியைத் தாழ்த்தி வணங்கியதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. கோவில்பட்டியில் அவருக்கு நினைவு மண்டபமும் சிலையும் எழுந்து 2022 டிசம்பரில் திறக்கப்பட்டன. ஒரு சம்சாரி எழுத்தாளருக்கு அரசு செய்தது பெரிய காரியம், மனமார வரவேற்கிறேன்.

ஆனாலும் எனக்கு இன்னொன்று வேண்டியிருக்கிறது. இடைசெவல் வீட்டிலும் புதுவை வீட்டிலும் சாப்பிட்டவர்கள் தமிழ்நாடெங்கும் இருக்கிறார்கள். எழுத்தாளர்கள், பேராசிரியர்கள், கட்சிக்காரர்கள், அன்றைக்கு மாணவர்களாக இருந்து இன்றைக்கு ஓய்வு பெற்றவர்கள். கி.ரா. அவர்களிடம் பேசியதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். கணவதி அம்மாள் அவர்களிடம் என்ன பேசினார், எந்தக் கேள்விக்குச் சிரித்தார், எதற்குக் கோபப்பட்டார், கி.ரா. சொன்ன எந்தக் கதையைக் குறுக்கிட்டுத் திருத்தினார், அன்றைக்கு என்ன வெஞ்சனம் வைத்தார் என்பதையும் அவர்கள் எழுதட்டும். நினைவு உள்ளவர்கள் பலருக்கு இப்போதே எழுபது, எண்பது வயதாகிறது.